கோப்பை போன பின் களம் யாருக்கு?

1981ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சாந்தா கிளாரா என்ற நகரில், முதலாவது உலக விளையாட்டு விழா நடந்தது. ஒலிம்பிக்கில் இடம் கிடைக்காத விளையாட்டுகளுக்கென்று தொடங்கிய விழா அது. ரக்கெட்போலின் முதலாவது உலக சம்பியன்ஷிப்பும் அதனோடு சேர்த்தே நடத்தப்பட்டது. ஆண்கள், பெண்கள் ஒற்றையர் பட்டங்கள் இரண்டையும் அமெரிக்கர்களே வென்றார்கள். 2028இல் அதே மாநிலத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒலிம்பிக் நடக்கவிருக்கிறது. நான்கு சுவர்களுக்குள் மட்டையும் பந்துமாக ஆடும் விளையாட்டு ஒன்று அதில் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது ஸ்குவாஷ். தான் பிறந்து வளர்ந்த நாட்டில் ஒலிம்பிக் நடக்கும்போதும் ரக்கெட்போல் வெளியேதான் நிற்கப்போகிறது. உறவுமுறைபோல நெருங்கிய இரண்டு விளையாட்டுகளில் ஒன்று ஏறியதற்கும் மற்றது தேங்கியதற்கும் காரணம் என்ன? விளையாட்டுக்கென்று காணியும் காசும் ஒதுக்கத் தொடங்கியிருக்கும் வன்னியில் இந்தக் கேள்விக்கு விடை தேடுவது பயனுள்ளது. ஒரு சர்வதேசப் போட்டியின் பலன், அது முடிந்த பிறகு களம் யாருக்குத் திறந்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. இந்த இரண்டு விளையாட்டுகளின் கதையும் சொல்வது இதைத்தான்.

ரக்கெட்போல் 1950இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தது. ஜோ சோபெக் என்ற டென்னிஸ் பயிற்றுநர், கையால் பந்தடிக்கும் விளையாட்டுக்காக ஏற்கெனவே கட்டப்பட்டிருந்த அறைகளில், நரம்பு கட்டிய குட்டை மட்டையால் ஆடும் முறையை உருவாக்கினார். அறை ஏறத்தாழ 12 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 6 மீற்றர் உயரம். ஸ்குவாஷில் கூரையில் பட்ட பந்து செல்லாது; இங்கே கூரையும் ஆட்டத்தில் சேர்ந்தது. பந்து பெரியது, நன்றாகத் துள்ளுவது. அதனால் புதிதாக வருபவரும் முதல் நாளே நாலு அடி அடித்து மகிழலாம். 1970களில் இது அமெரிக்க நகரங்களில் காட்டுத்தீயாகப் பரவியது. 1979இல் சர்வதேசச் சம்மேளனம் அமைந்தது. 1995 முதல் பான் அமெரிக்கன் விளையாட்டு விழாவிலும் இடம் கிடைத்தது. உலக சம்பியன்ஷிப் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இன்றுவரை நடந்துவருகிறது.

அந்தப் போட்டிகள் நடந்த ஊர்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு குறை புலப்படும். 1988இல் ஜேர்மனியின் ஹம்பர்க், 2004லும் 2010லும் தென் கொரியா, 2008இல் அயர்லாந்து. இவற்றைத் தவிர்த்தால் மற்றவை எல்லாம் வட, தென் அமெரிக்காவையும் கரீபியனையும் தாண்டவில்லை. பட்டங்களும் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றின. அமெரிக்காவில் களங்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பங்கு காசு கட்டிச் சேரும் தனியார் கழகங்களின் சொத்து. மோகம் தணிந்ததும் கழகக்காரர்கள் கணக்குப் பார்த்தார்கள். இருவரோ நால்வரோ ஆடும் அதே இடத்தில் உடற்பயிற்சிக் கருவிகளைப் போட்டால் நாள் முழுக்கப் பலரிடம் காசு வாங்கலாம். பல களங்கள் அப்படியே உடற்பயிற்சிக்கூடங்களாக மாறின. வியாபாரக் கணக்கில் பிழை சொல்ல முடியாது. ஆனால் ஊருக்குச் சொந்தமில்லாத களத்தைக் காப்பாற்ற ஊரும் முன்வராது.

இதே விளையாட்டில் வேறு விதமான சான்றும் உண்டு. மெக்சிக்கோவின் சான் லூயிஸ் பொட்டோசி நகரில் 1994லும் 2000த்திலும் உலக சம்பியன்ஷிப் நடந்தது. பெண்கள் ரக்கெட்போலில் பல ஆண்டுகள் முடிசூடியிருந்த பாவ்லா லொங்கோரியா 1989இல் பிறந்தது அந்த நகரில்தான். பொலிவியாவின் கொச்சபம்பாவில் 1998இல் போட்டி நடந்தது. பான் அமெரிக்கன் விழாக்களில் ஒரு தங்கமும் கண்டிராத அந்த ஏழை நாடு, 2019இல் லீமாவில் தன் முதல் தங்கத்தை ரக்கெட்போல் ஆண்கள் அணிப் போட்டியில் வென்றது. போட்டி நடந்ததாலேயே வீரர்கள் முளைத்தார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. களமும் ஆர்வமும் முன்பே இருந்ததால்தான் போட்டியே அங்கே வந்தது என்றும் வாதிடலாம். எப்படிப் பார்த்தாலும், உள்ளூர்ப் பிள்ளைகள் ஆடுவதற்குக் களம் இருந்த ஊர்கள் பின்னாளில் பலன் கண்டன.

ஸ்குவாஷின் வரலாற்றில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. பாகிஸ்தானின் பெஷாவருக்கு அருகே நவாகில்லி என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கிருந்து, வெள்ளைக்கார அதிகாரிகளின் கழகத்தில், கூரையில்லாத களங்களில், வெளியே போன பந்துகளைப் பொறுக்கிக் கொடுக்கும் வேலைக்கு ஹாஷிம் கான் என்ற சிறுவன் போனான். அதிகாரிகள் ஆடி முடித்துப் போன பிறகு, வெறுங்காலோடு அந்தக் களத்தில் இறங்கித் தனியாகச் சுவரோடு ஆடினான். 1951இல், பலர் ஓய்வு பெறும் வயதில், அன்று உலகப் பட்டத்துக்கு நிகராக மதிக்கப்பட்ட பிரித்தானிய ஓப்பன் பட்டத்தை வென்றார் ஹாஷிம். பிறகு மேலும் ஆறு முறை வென்றார். அவரைத் தொடர்ந்து அசாம் கான், ரோஷன் கான், ஜஹாங்கீர் கான், ஜான்ஷேர் கான் என்று அந்தக் கிராமத்தின் வழிவந்தவர்கள் பல பத்தாண்டுகள் உலகை ஆண்டார்கள். அந்தக் களம் பிள்ளைகளுக்கென்று கட்டப்பட்டதல்ல. ஆனால் மாலையில் அது அவர்கள் கைக்கு எட்டியது.

தமிழர் கண்முன்னே நடந்த சான்று சென்னை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்குள்ள இந்திய ஸ்குவாஷ் அகடமி, சைரஸ் போஞ்சா, மலேசியாவிலிருந்து வந்த மேஜர் மணியம் ஆகிய பயிற்றுநர்களின் கையில் ஒரு தலைமுறையை வளர்த்தது. 2014இல் கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டு விழாவில் ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் பெண்கள் இரட்டையரில் தங்கம் வென்றார்கள். பொதுநலவாய விழாவில் ஸ்குவாஷில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. இதற்கிடையே 2007இல் ஆண்கள் உலக அணிப் போட்டி, 2011இல் உலகக் கோப்பை, 2018இல் இளையோர் உலகப் போட்டி எனப் பலவும் சென்னைக்கு வந்தன. 2011லும் 2023லும் உலகக் கோப்பையை எகிப்து கொண்டுபோனது. 2025 டிசம்பரில் அதே நகரில், ஹொங்கொங்கை 3-0 என்று வென்று இந்தியா முதன்முறையாக உலகக் கோப்பையைத் தூக்கியது. அந்த அணியில் ஜோஷ்னாவோடு அபய் சிங், வேலவன் செந்தில்குமார் என்ற தமிழ்நாட்டு வீரர்கள் இருவரும், டெல்லியைச் சேர்ந்த இளம் வீராங்கனை அனாஹத் சிங்கும் ஆடினார்கள். சென்னை முதன்முறையாக உலகக் கோப்பையை நடத்தியதற்கும் இந்தியா கோப்பையைக் கையில் ஏந்தியதற்கும் இடையே 14 ஆண்டுகள். இடையில் தோல்விகள் வந்தபோதும் களத்தின் கதவு மூடப்படவில்லை, பயிற்சி நிற்கவில்லை. வெற்றியின் காரணம் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. களம் மட்டும் போதுமென்றால் நவாகில்லியின் நாடு ஏன் சரிந்தது என்று கேட்கலாம். 1996இல் ஜான்ஷேர் வென்ற பிறகு பாகிஸ்தானுக்கு ஆண்கள் உலகப் பட்டம் கிடைக்கவில்லை. நியாயமான கேள்வி. ஒரு குடும்பத்தின், ஒரு கிராமத்தின் திறமையை நம்பியிருந்த நாடு, அந்தத் திறமையைப் பரவலாகக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாட்டை வலுவாகக் கட்டவில்லை. அதே காலத்தில் எகிப்து கழகம் கழகமாகச் சிறுவர்களைப் பயிற்றுவித்து முன்னுக்கு வந்தது. ஆகவே களத்தோடு பயிற்றுநரும் தொடர்ச்சியும் வேண்டும் என்று என் வாதத்தை விரிக்கிறேன்; கைவிடவில்லை. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. குடிநீரும் வேலையும் காணிப் பிரச்சினையும் தீராத மண்ணில் ஸ்குவாஷ் யாருக்கு வேண்டும்? இங்கே கண்ணாடிக் களம் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. எந்த விளையாட்டானாலும் விதி ஒன்றுதான். நம் பாடசாலைகளில் வலைப்பந்தாட்டத்துக்கு வளையம் மாட்டிய இரண்டு கம்பங்களும் கொஞ்சம் சமதரையும் போதும். அப்படிப்பட்ட களங்கள் பாடசாலைகளில் இருந்ததால்தான் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் போன்ற ஒருவர் ஆசிய சம்பியன் அணியிலும் உலகக் கிண்ணப் போட்டியிலும் எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் வீராங்கனையாக நிற்க முடிந்தது. தண்ணீருக்கும் வேலைக்கும் அடுத்தபடியாகவேனும் பிள்ளைகளின் மாலை நேரத்துக்கு ஒரு இடம் கேட்பது ஆடம்பரமாகாது.

இனி வன்னிக்கு வருவோம். போர்க்காலத்தில் ஏ-9 வீதியிலுள்ள ஓமந்தை என்றால் சோதனைச்சாவடி என்றுதான் பொருள். வன்னிப் பிள்ளை ஒன்று தெற்கே ஒரு போட்டிக்குப் போவதற்கும் அந்தக் கடவை திறக்க வேண்டியிருந்தது. போர் முடிந்து ஏ-9 வீதியில் இரவு பகலாக வாகனம் ஓடும் இக்காலத்தில், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ‘சர்வதேசத் தரம்’ என்ற சொல் விளையாட்டுத் திட்டங்களோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அந்தச் சொல்லில் மயங்க வேண்டியதில்லை. கட்டடத்தின் அளவையும் இருக்கைகளின் எண்ணிக்கையையும் கேட்பதற்கு முன், அதிகாரிகளிடமும் மக்கள் பிரதிநிதிகளிடமும் மூன்று கேள்விகளை ஊர் கேட்க வேண்டும். பாடசாலை விட்ட பிறகு களத்தின் திறப்பு யார் கையில் இருக்கும்? திறப்பு விழா முடிந்து ஐந்தாவது ஆண்டிலும் சம்பளத்தோடு ஒரு பயிற்றுநர் அங்கே இருப்பாரா? நெடுங்கேணியிலோ புளியங்குளத்திலோ இருந்து வரும் பிள்ளைக்கு மாலையில் வீடு திரும்ப பஸ் இருக்குமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைத்தால் சிறிய களமும் போதும். கிடைக்காவிட்டால், எத்தனை கோடியில் கட்டினாலும் அந்தத் திட்டத்தை ஊர் அப்படியே ஏற்கக்கூடாது.