கூட்டாளி விமானத்தில் சேரும் மைல்

போன வாரம் ஒரே விமான நிறுவனத்தில் மைல் சேர்ப்பதைப் பார்த்தோம். இந்த வாரம் கூட்டாளி நிறுவனங்கள்.

நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று இளையாத்தங்குடி. கல்யாணம் என்றால் நகரக் கோயிலிலிருந்து மாலை வந்தாக வேண்டும். அதற்காகவே சிங்கப்பூர், மெல்போர்ன் என்று எங்கெங்கோ இருந்து குடும்பம் குடும்பமாக ஊருக்கு வருகிறார்கள். ஒரு வீட்டில் நாலைந்து டிக்கெட். அத்தனை மைலும் பல வீடுகளில் வீணாகப் போகிறது.

இவர்களுடைய பாட்டனார்கள் இப்படி விட்டவர்கள் அல்லர். ரங்கூன் முகல் தெருவில் ஒரு கடையில் பணம் கட்டி உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டை வாங்கினால், அந்தக் கடையோடு வரவு செலவு வைத்திருக்கும் இன்னொரு கடை சென்னையில் அதைப் பணமாக்கித் தந்தது. முதலாளிகள் வேறு வேறு. பேரேட்டின் மேல் இருந்த நம்பிக்கை ஒன்று. விமான நிறுவனங்களின் கூட்டணிகளான, 1997இல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸும் 1999இல் வந்த ஒன்வேர்ல்டும் இந்த வழியில்தான் நடக்கின்றன. 2014இல் ஸ்ரீலங்கன் மே மாதம் ஒன்வேர்ல்டிலும், ஏர் இந்தியா ஜூலையில் ஸ்டாரிலும் சேர்ந்தன.

மெல்போர்னிலிருந்து கொழும்பு வழியாக ஸ்ரீலங்கனில் மதுரைக்கு வருகிறவர், அந்த மைலை ஸ்ரீலங்கன் கணக்கில்தான் போட வேண்டும் என்பதில்லை. ஒன்வேர்ல்டிலேயே இருக்கும் குவாண்டாஸின் உறுப்பினர் எண்ணைக் கொடுத்தால் அங்கே ஏறும். ஒரு பயணத்துக்கு ஒரு கணக்குதான். டிக்கெட்டில் வகுப்பைக் குறிக்கும் ஓர் எழுத்து இருக்கும். எவ்வளவு ஏறும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. மிக மலிவான டிக்கெட்டுக்குச் சில சமயம் ஒன்றுமே ஏறாது.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், மைல் கணக்கில் ஒற்றை எழுத்து இருக்கும். பெயர் பொருந்தாவிட்டால் மைல் ஏறாமல் நின்றுவிடலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கணக்கைத் திறங்கள். மைல் ஏறும்வரை போர்டிங் பாஸைப் பத்திரமாக வையுங்கள். விட்டுப்போனதைக் கேட்டு வாங்க அதுதான் சாட்சி.

செலவழிப்பதற்கு வருவோம். திருச்சி–சிங்கப்பூர் ஸ்கூட் விமானத்தில் பறந்து, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்பிளையரில் சேர்த்த மைலைக் கொண்டு ஏர் இந்தியாவில் சீட்டு எடுக்கலாம். ஆனால் கூட்டாளிகளுக்கென்று ஏர் இந்தியா ஒதுக்கும் சீட்டுகள்தான் கிடைக்கும். வரியைப் பணமாகக் கட்ட வேண்டும். ஸ்டாரில் சேர்த்ததை ஒன்வேர்ல்டுக்கு மாற்ற முடியாது.

உண்டியலில் எழுதிய தொகை எழுதியதுதான். மைலின் மதிப்பையோ கொடுத்த நிறுவனமே குறைக்கலாம். கிரிஸ்பிளையர் மைல் 3 ஆண்டுகளில் காலாவதியும் ஆகிவிடும். ஆகவே மைலைப் பிள்ளைகளுக்குச் சேர்க்கும் சொத்தாக நினைக்காதீர்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்த அன்றே மைல் டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதல் டிக்கெட்டை ஆச்சிக்கும் ஐயாவுக்கும் போடுங்கள்.