இசையிலக்கண அடிப்படைகள்: கெடா மாநிலத் தமிழ் மாணவர்க்கான கற்பித்தல் நோக்கு

முன்னுரை

கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ் முதலிய வட்டாரங்களில் தமிழ் மாணவர் பலர் இசையை இரண்டு இடங்களில் பயில்கின்றனர். பள்ளியின் இசைக்கல்விப் பாடம் ‘டோ, ரே, மீ’ எனும் மேலைச் சுரங்களைக் கற்பிக்கிறது. கோயில் சமய வகுப்பு, மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவை முன்னிட்டுத் தேவாரப் பண்களைப் பயிற்றுகிறது. இவ்விரு கல்வியும் மாணவர் மனத்தில் ஒன்றிணைவது அரிது. முன்னர் இரப்பர்த் தோட்டங்களில் பஜனையும் காவடிப் பாடலும் கேள்விவழியே தலைமுறைதோறும் வந்தன. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தபின் அம்மரபு தளர்ந்தது. எனவே, கேட்டதை விளங்கிக்கொள்ள உதவும் இலக்கணம் இன்று இன்றியமையாததாகிறது. அதன் அடிப்படைகளை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சுரமும் இடைவெளியும்

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன பழந்தமிழர் ஏழிசைக்கு இட்ட பெயர்கள். ஒரு தாயி பன்னிரண்டு அரைச்சுர இடைவெளிகளாகப் பகுக்கப்படும். சுரங்களுக்கு இடையேயுள்ள தொலைவே இராகத்தின் அடித்தளமாகும்.

பள்ளியில் பயிலும் ‘டோ, ரே, மீ’ வரிசையின் இடைவெளிகள் 2, 2, 1, 2, 2, 2, 1. இதுவே 29ஆம் மேளமாகிய தீரசங்கராபரணம். பழம்பஞ்சுரப் பண்ணை ஓதுவார் பாடுவதும் சங்கராபரணத்திலேயே. கருநாடக இசையின் தொடக்கப் பயிற்சிக்குரிய மாயாமாளவகௌளை 15ஆம் மேளம். அதன் இடைவெளிகள் 1, 3, 1, 2, 1, 3, 1. சுந்தரரின் முதற்பதிகத்துக்குரிய இந்தளம், இதன் சாயலிலோ இதன் சேய் இராகமாகிய நாதநாமக்கிரியையிலோ பாடப்படுகிறது. இவ்விரு மேளங்களிலும் முதல் மூன்று இடைவெளிகளே இறுதி மூன்றாகவும் வருகின்றன. பாதியைக் கற்றவர் முழுமையையும் எளிதில் எட்டலாம்.

சங்கராபரணத்தில் ‘ம’, ‘நி’ இரண்டையும் நீக்கின் மோகனம் பிறக்கும். அறிஞர் பலர் இதனைப் பழைய முல்லைப்பண் என்பர். சீனர் இசையின் ஐஞ்சுர வரிசைகளுள் ஒன்றும் இதுவேயாதலின், அண்டை வீட்டார் பாடலைக்கொண்டும் இதனை விளக்க இயலும். சங்கராபரணத்தின் ‘ப’வை ஆதார சுரமாகக் கொள்ளின் அரிகாம்போதி தோன்றும். அரங்கேற்று காதை உரைகள் விரிக்கும் பாலைத்திரிபின் அடிப்படை இத்தகையதே. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரமும் (1917), விபுலாநந்த அடிகளின் யாழ் நூலும் (1947) இத்துறையில் ஆழ்ந்து ஆராய்ந்தவை.

தாளமும் யாப்பும்

ஆதி தாளம் 4+2+2 என எட்டு எண்ணிக்கை உடையது. ஓர் எண்ணிக்கையை ‘தகதிமி’ என நான்காகப் பகுப்பது சதுச்சிர நடை. ‘தகிட’ என மூன்றாகப் பகுப்பது திச்சிர நடை. காவடிச்சிந்துகள் பலவற்றில் திச்சிர நடையைக் காணலாம். தைப்பூசத்தில் உறுமி மேளத்திற்கேற்ப அடியெடுத்து வைக்கும் சிறுவன் தாளத்தை முன்னரே உடலால் அறிந்தவன்; ஆசிரியர் அதற்குப் பெயரிட்டால் போதும். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரு மாத்திரை என்பதைத் தமிழாசிரியர் நன்கறிவர். திருப்புகழின் சந்தக் குழிப்பை அவ்வாறு எண்ணப் பழக்கின், யாப்புப் பாடமே தாளப் பாடத்திற்கு வாயிலாகும்.

முடிவுரை

இடைவெளி எண்களால் மட்டும் பண் அமைந்துவிடாது. ஒரே சுரவரிசையுடைய இராகங்களையும் கமகமும் சுரப்பிடிப்பும் வேறுபடுத்தும். அவற்றை ஆசானின் குரலிலிருந்தே பெறவேண்டும். ஆயினும், இசைக்கல்வி ஆசிரியரும் திருமுறை ஆசிரியரும் ஒரே பழம்பஞ்சுரப் பதிகத்தைப் பொதுப்பாடமாகக் கொண்டு தொடங்குவாராயின், இரண்டாகப் பிரிந்து கிடக்கும் கல்வி ஒன்றாகும். இதற்குப் புதிய பாடத்திட்டமோ பெருஞ்செலவோ வேண்டுவதில்லை.