மழை நன்றாகப் பெய்த வருஷம்

2019 பிப்ரவரி 23, சனிக்கிழமை. பெங்களூரின் எலகங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அந்த வாரத்தில் எங்கள் காக்ஸ் டவுன்காரர்கள் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனாலே போர் விமானம் உறுமுவது காதில் விழும். அன்று மதியம் பெரிய செய்தி தரையிலிருந்து வந்தது. பார்வையாளர்கள் வண்டிகளை நிறுத்தியிருந்த மைதானத்தில் காய்ந்த புல் பற்றிக்கொண்டது. காற்று வேறு. சுமார் 300 கார்கள் வெறும் கூடாகிப் போயின.

அதே நாட்களில், மைசூருக்குத் தெற்கே பந்திப்பூர் புலிகள் காப்பகம் எரிந்துகொண்டிருந்தது. கோபாலசாமி பெட்டாவின் சரிவு, குந்தகெரே சரகம் என்று தாவித் தாவி 10,000 ஏக்கருக்கு மேல் கருகியது. 25ஆம் தேதி விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள் பெரிய வாளியைத் தொங்கவிட்டு, அணையில் தண்ணீர் மொண்டு ஊற்றத் தொடங்கின. எங்கள் தெருவில் கார் இன்சூரன்ஸ் பற்றித்தான் பேச்சு. நான் பந்திப்பூரைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்றால் அதற்கு என் வேலைதான் காரணம். வங்கி ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சில வருஷங்கள் குண்டுலுபேட்டைக் கிளையில் பயிர்க்கடன் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பந்திப்பூர் காட்டுக்கு அதுதான் வாசல்படி ஊர்.

அந்தத் தீயில் எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. 2018 ஆகஸ்டில் கேரளமும் குடகும் வெள்ளத்தில் மூழ்கின. பந்திப்பூரிலும் நல்ல மழை. கபினி அணை நிரம்பி வழிந்தது. ஆறு மாதம் கழித்து அதே வட்டாரத்தில் எப்படி இத்தனை பெரிய தீ?

கிளையில் கணக்கு வைத்திருந்த ஒருவர் கோடைக்குக் கோடை தீக்காவலராக வேலைக்குப் போவார். வாட்சர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது அவரிடமே கேட்டேன். கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு அவருடையது.

"மேடம், மழை இல்லாத வருஷம் காட்டுல எரியறதுக்கு என்ன இருக்கு? புல்லே மொளைக்காது. மொளைச்சதை மாடு தின்னுடும். மழை நல்லா பேஞ்ச வருஷம்தான் புல்லு ஆள் உசரம் நிக்கும். தையில பாத்தா எல்லாம் காஞ்ச வைக்கோல்."

இதைக் கடலை வியாபாரம் பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் யானை ஆராய்ச்சியாளர் ராமன் சுகுமாரும் அவருடைய மாணவர்களும் பக்கத்து முதுமலையில் 1988 முதல் ஒரு காட்டுத்துண்டை மரம் மரமாக எண்ணி வருகிறார்கள். நீலகிரி வட்டாரத் தீயைப் பற்றி அவர்கள் எழுதியதும் வாட்சர் சொன்னதோடு ஒத்துப்போகிறது. மிகவும் வறண்ட காட்டில் எரிய விறகு போதாது. மிகவும் ஈரமான காட்டில் விறகு உண்டு, ஆனால் காய்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இலையுதிர் காடுதான் அதிகம் எரிகிறது. பந்திப்பூரிலும் முதுமலையிலும் பெரும்பகுதி இந்த நடுத்தரம்தான். ஆக, நிறையப் பெய்து புல் வளர வேண்டும். பிறகு வானம் மாதக்கணக்கில் மூடிக்கொள்ள வேண்டும். 2018, 2019இல் நடந்தது இதுதான்.

இந்த நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குண்டுலுபேட்டை, மைசூர், மண்டியா, பெங்களூர், கோலார் எல்லாமே கன்னடத்தில் பயலுசீமே என்று சொல்லும் தெற்குச் சமவெளி. சமவெளி என்று பேர்தானே தவிர மேட்டுநிலம். பெங்களூரே கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டித் தீர்த்துவிட்டு மிச்சத்தைத்தான் இந்தப் பக்கம் அனுப்பும். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக் கரையில் இறங்கிவிட்டு வரும். டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் கோடைமழை வரை அநேகமாக ஒன்றும் இல்லை. தேக்கும் மருதும் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். பிப்ரவரி மதியத்தில் அந்தச் சருகில் நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும்.

யார் பற்றவைக்கிறார்கள்? மூங்கில் உரசித் தீப்பிடிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்த தலைமுறை நான். காட்டில் வேலை செய்கிறவர்கள் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை, சொன்னால் சிரிக்கிறார்கள். பிப்ரவரியில் இங்கே இடி மின்னலும் கிடையாது. இங்கே காட்டுத்தீ அநேகமாக எல்லாமே மனிதன் வைப்பதுதான். புதுப்புல் முளைத்தால் மாட்டுக்கு ஆகும் என்று வைப்பவர் உண்டு. உதிர்ந்த மான்கொம்பு பொறுக்கச் சருகு தடை என்று வைப்பவர் உண்டு. யானை மிதித்த பயிருக்கு நஷ்டஈடு கிடைக்காத கோபத்தில் வைப்பவரும் உண்டு. ஊட்டிக்குப் போகிற வழியில் காரை ஓரங்கட்டிச் சிகரெட்டைச் சுண்டிவிடுகிற நம்மவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீயை அணைக்கிற வேலை பார்க்க எளியது, செய்யக் கொடியது. வாட்சரின் முதல் ஆயுதம் பச்சைக் கொப்பு. இலையோடு ஒடித்து, தீயின் ஓரத்தை அடித்து அடித்து அமுக்குவார்கள். முதுகில் மாட்டும் தெளிப்பான், சருகை ஊதித் தள்ளும் இயந்திரம் எல்லாம் இப்போது வந்திருக்கின்றன. தீ பெரிதாகிவிட்டால் அதற்கு முன்னால் போய் எதிர்த்தீ வைத்து, எரிய எதுவும் இல்லாத பட்டையை உண்டாக்குவார்கள். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் பார்த்த சூட்டுப்புள்ளிகளைச் செல்பேசிக்கு அனுப்புகிறது. ஆனால் செய்தி வந்த இடத்துக்கு மனிதன் நடந்துதான் போக வேண்டும். 2017 பிப்ரவரியில் பந்திப்பூரின் கல்கெரே சரகத்தில் அப்படிப் போன வனக்காவலர் ஒருவர் திரும்பவில்லை.

சரிவில் தீயின் குணம் மாறிவிடும். சூடு மேலே எழும்பி, மேலிருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுவதால் மலையேறும் தீ மனிதனைவிட வேகமாக ஏறும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைப் புல்சரிவுத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைச்சரிவில் புகையைப் பார்த்தால் மேலே ஓடக்கூடாது, பக்கவாட்டில் விலக வேண்டும், ஏற்கெனவே எரிந்து கருகிய இடம் கிடைத்தால் அங்கே நிற்க வேண்டும் என்பதை மலையேறப் போகிற எல்லோருக்கும் சொல்லித்தர வேண்டும்.

பந்திப்பூர் தீ இத்தனை உயரம் எழும்ப இன்னொரு காரணம் உண்ணிச்செடி. கொத்துக் கொத்தாக ஆரஞ்சும் ரோஸும் பூக்குமே, அதே செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்தது. மாடும் மானும் சீண்டாது. சருகுத் தீ முழங்கால் உயரத்தில் போய்விடும். நடுவில் உண்ணிப்புதர் இருந்தால் அதைப் பிடித்து மரத்தின் கிளைக்கு ஏறிவிடும். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் இந்தக் குச்சியை வளைத்து நிஜ அளவு யானைகள் செய்தார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. நல்ல காரியம்தான். எத்தனை யானை செய்தாலும் காட்டில் இருக்கிற உண்ணி தீராது என்பது வேறு விஷயம்.

பிளிகிரிரங்கன் மலையின் சோலிகர் பழங்குடியினருக்குத் தீ விஷயத்தில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கோடை முற்றுவதற்கு முன்பே, சருகில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, சிறு தீயாக வைத்து எரித்துவிடுவார்கள். தரகு பெங்கி, அதாவது சருகுத் தீ என்று பெயர். பெரிய தீக்கு விறகு மிஞ்சாது, உண்ணிக் கன்றும் கருகும், நெல்லி மரத்தில் ஒட்டிக்கொள்ளும் புல்லுருவியும் அடங்கும் என்பது அவர்கள் சொல்வது. 1974இல் அந்தக் காடு சரணாலயமானது. தீ வைப்பது குற்றமானது. அதன் பிறகு உண்ணி அங்கே பெருகிக்கொண்டே போனதை ஆராய்ச்சியாளர்கள் அளந்திருக்கிறார்கள். 2011இல் அது புலிகள் காப்பகமான அதே ஆண்டு சோலிகர்களுக்குச் சமூக வன உரிமையும் கிடைத்தது. தீ வைக்கும் உரிமை மட்டும் வரவில்லை. இன்று உண்ணி இத்தனை அடர்ந்த பிறகு பழைய சிறு தீ சிறியதாகவே நிற்குமா என்று வனத்துறை பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு தீயையும் விடமாட்டோம் என்று வருஷம் வருஷமாக விறகைச் சேர்த்து வைப்பதைவிட, சோலிகர்களைக் கூட்டி உட்காரவைத்து, களை எடுத்த துண்டுகளிலாவது முயன்று பார்க்கலாம் என்பதுதான் என் கட்சி.

வாட்சரின் புல் கணக்கு கடல் தாண்டியும் பொருந்தும். 2024 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் வடக்குப் புல்வெளியில் பிடித்த தீ 10 லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றது. அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே பெரியது. அங்கே மரமும் சருகும் குறைவு, பெரும்பாலும் புல். அதுவும் முந்தைய பருவத்து மழையில் செழித்த புல்தான். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த வாரத்தில் பெங்களூரின் புறநகர் அடுக்குமாடிகளில் குடத்தோடு வரிசை நின்றார்கள்.

பெங்களூரின் அந்த வறட்சியும் ஈரமான வருஷத்துக்குப் பின்னால் வந்ததுதான். 2022 செப்டம்பரில் சர்ஜாபூர் சாலையில் கணினி நிறுவன ஊழியர்கள் டிராக்டர் ஏறி வேலைக்குப் போனார்கள். அவ்வளவு வெள்ளம். 2023இல் பருவமழை பொய்த்தது. கர்நாடகத்தின் 236 தாலூகாக்களில் 223 வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2024 மார்ச்சில் நகரத்தின் 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் கிட்டத்தட்ட பாதி வற்றிவிட்டன. துணை முதல்வர் தன் வீட்டுக் கிணறும் வற்றியது என்றார். காவிரி நீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம். டேங்கர் விலை எகிறியதும் அரசு விலை குறித்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் 1,000 ரூபாய். டேங்கர்காரத் தம்பியிடம் அந்த விலையைச் சொன்னேன். "அக்கா, அந்த விலைக்கு அவங்களையே வந்து ஊத்தச் சொல்லுங்க" என்றான்.

எங்கள் பக்கம் பழைய தண்டு (கண்டோன்மென்ட்) பகுதி. காவிரிக் குழாய் இருப்பதால் தப்பித்தோம். அந்தக் காவிரியில் கபினியும் சேர்ந்திருக்கிறது. நமக்கான தண்ணீரை எடுப்பது இரண்டும் கூடும் திருமகூடலு நரசிபுரத்துக்குக் கீழே. கபினிக்கு நீர் தரும் காடுகளில் பந்திப்பூரும் ஒன்று. சருகு முழுக்க எரிந்த மண்ணில் முதல் கனமழை ஊறாது. சாம்பலையும் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும்.

இந்த ஊருக்குத் தண்ணீர்க் கஷ்டம் புதிதல்ல. 1876 முதல் 1878 வரை நடந்த பஞ்சத்துக்கு முன் மைசூர் ராஜ்ஜியத்தில் 50 லட்சம் பேர். 1881 கணக்கெடுப்பில் சுமார் 42 லட்சம். 1882இல் சாங்கி ஏரி, 1894இல் ஹெசரகட்டா, 1933இல் திப்பகொண்டனஹள்ளி, 1974இல் காவிரி என்று தண்ணீரைத் தேடி ஊர் தள்ளித் தள்ளிப் போனது. இப்போது காவிரி 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து அரை கிலோமீட்டர் உயரம் ஏறி வருகிறது. காலடியில் விழும் மழையைச் சேமிக்க 2009இல் சட்டம் வந்தது. 60க்கு 40 அடி மனையில் உள்ள பழைய கட்டடங்களும் 30க்கு 40 மனையில் கட்டும் புதியவையும் மழைநீர்த் தொட்டியோ உறிஞ்சுகுழியோ அமைக்க வேண்டும்.

எங்கள் குடியிருப்பிலும் குழி இருக்கிறது. வடிகட்டியில் மணல் மாற்றி நாளாகிவிட்டது. போன மழைக்காலத்தில் சங்கக் கூட்டத்தில் இதை எழுப்பினேன். செயலாளர் நல்ல பிள்ளை, என் மகன் வயது.

"ஆன்ட்டி, இப்பத்தான் தண்ணி நிறைய இருக்கே. ஏப்ரல்ல பாத்துக்கலாமே."

"ஏப்ரல்ல வடிகட்ட என்னப்பா இருக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். வாட்சர் சொன்ன புல் கதையையும் எலகங்கா கார்களையும் சொல்லிப் பார்த்தேன். வடிகட்டி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. மதில் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது ஏகமனதாக நிறைவேறியது.