நெசவாளர் முற்றத்தில் எத்தனை நிமிடம்?

மொந்தே அல்பான் குன்றின் சபோத்தெக் இடிபாடுகளைச் சென்ற வாரம் பார்த்தோம். மெக்சிகோவின் வஹாக்கா நகரத்திலிருந்து அது 9 கிலோமீட்டர்தான். ஒரு டாக்ஸியும் அரை நாளும் இருந்தால் தனியாகவே போய் வரலாம். நகருக்குக் கிழக்கே விரியும் த்லாகொலூலா பள்ளத்தாக்கு அப்படியில்லை. 10 கிலோமீட்டரில் தூலே மரம், 30 கிலோமீட்டர் தொலைவில் தியோத்தித்லான் தெல் வய்யே என்ற நெசவாளர் ஊர், 46-ல் மித்லா இடிபாடுகள், ஏறக்குறைய 70-ல் மலைவிளிம்பில் இயெர்வெ எல் அகுவா. இடையே மெஸ்கால் என்ற மதுவைக் காய்ச்சும் மத்தாத்லான். மித்லாவரை பேருந்தும் பங்கு டாக்ஸியும் உண்டு. அதற்கப்பால், ஆள் சேரும்வரை காத்திருந்து கிளம்பும் திறந்த வண்டிகள்தான். கையில் ஒரே ஒரு நாள் இருப்பவர்கள் வழிகாட்டியோடு போகும் வேனில் இடம் பிடிப்பதே நடைமுறைக்கு ஒத்த வழி. எந்த வேனில் என்பதைத்தான் இந்த வாரம் பேச வேண்டும்.

நகரின் நடுச்சதுக்கத்தைச் சுற்றி நடந்தால் ஐந்து புகைப்படங்கள் ஒட்டிய பலகைகளோடு ஏஜென்சிக்காரர்கள் கூப்பிடுவார்கள். எல்லாப் பலகையிலும் நான் மேலே சொன்ன அதே ஐந்து இடங்கள். கட்டணத்திலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் ஐம்பது பெசோ குறைத்துச் சொன்ன இடத்தில் பலரும் சீட்டை வாங்கிவிடுகிறார்கள். கட்டணம் கடைசியில் கேட்க வேண்டியது என்பேன். முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. தியோத்தித்லானில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள்? காலையில் முதலில் எங்கே போவீர்கள்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஒன்பதரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்கு முடியும் பயணம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணி நேரம். விடுதி விடுதியாக ஆள் ஏற்றுவதில் முக்கால் மணி. போகவர ஓட்டம் மூன்று மணிக்குக் குறையாது. பஃபே சாப்பாட்டுக்கு ஒரு மணி. மிச்சம் நான்கே கால் மணி நேரத்தை ஐந்து இடங்களுக்குப் பங்கிட வேண்டும். இயெர்வெ எல் அகுவாவில் கீழே இறங்கி ஏறவே ஒன்றரை மணி வேண்டும். மித்லாவுக்கு ஒரு மணியாவது வேண்டும். ஆக, நெசவாளர் வீட்டுக்கும் மெஸ்கால் காய்ச்சுமிடத்துக்கும் மரத்துக்கும் மிஞ்சுவது சில்லறை நிமிடங்கள். வழிகாட்டி இருமொழிக்காரர் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்தால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஸ்பானிய மொழியில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை என்று சொல்லுவார். உங்கள் பங்குக்கு வருவது பாதி நேரம். ஒரே மொழிக் குழு கிடைத்தால் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தும் அதில் சேரலாம்.

இந்தச் சில்லறை நிமிடங்களில் எது பறிபோகிறது என்று தெரிந்தால்தான் என் பிடிவாதம் புரியும்.

தியோத்தித்லான் சபோத்தெக் மக்களின் ஊர். ஸ்பானியர் வருவதற்கு முன்பே நெசவுக்குப் பெயர் பெற்றது. அன்று பருத்தி, இடுப்பில் கட்டி நெய்யும் தறி. ஆட்டுக்கம்பளியும் மிதிதறியும் ஸ்பானியரோடு வந்தவை. இன்று தரைவிரிப்புகளும் சுவர்த்தொங்கல்களும் இந்த ஊரின் பிழைப்பு. ஒரு வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தால் முதலில் கம்பளியைச் சிக்கெடுத்துக் காட்டுவார்கள், பிறகு ராட்டையில் நூற்றுக் காட்டுவார்கள். அடுத்தது சாயம். மாதுளை ஓடு, அக்ரூட் தோடு, பெரிகோன் என்ற மஞ்சள் பூ, அவுரி இனத்துச் செடியிலிருந்து எடுக்கும் நீலக்கட்டி எல்லாம் கூடைகளில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாம்பல் நிறத்தில் மிளகுக்கும் சிறியதாகக் காய்ந்த மணிகள் ஒரு கிண்ணத்தில். அவை மணிகளல்ல, பூச்சிகள். நோப்பால் என்ற சப்பாத்திக்கள்ளி வகையில் ஒட்டிச் சாறு குடித்து வாழும் கோச்சினியா. சாயம் தருவது பெண் பூச்சி மட்டும்தான். ஒரு கிலோவுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் பூச்சிகள் வேண்டும்.

நெய்பவர் அதில் நாலைந்தை உள்ளங்கையில் வைத்து நசுக்குவார். இரத்தச் சிவப்பு பரவும். எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் ஆரஞ்சாக மாறும். சுண்ணாம்பைத் தொட்டு வைத்தால் ஊதாவாகும். கார்மினிக் அமிலம் புளிப்புக்கும் காரத்துக்கும் காட்டும் வேறு வேறு முகங்கள் இவை. உங்கள் கண்முன்னே ஒரு கையிலேயே நடக்கிறது. நான் சென்ற ஒரு குழுவில், எலுமிச்சையை அந்த அம்மாள் பிழியத் தொடங்கியபோது வழிகாட்டி கைதட்டி எல்லாரையும் வேனுக்கு அழைத்துவிட்டார். பஃபே மேசை காத்திருக்கிறதாம். அம்மாளின் கையில் சிவப்பு அப்படியே இருந்தது. மூன்று தலைமுறையாகக் கற்றதைச் சொல்ல வந்தவரை ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டுப் போவது அநியாயம். இதற்கு உடந்தையாகாத பயணத்தைத் தேர்ந்தெடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.

அந்தக் கிண்ணத்துப் பூச்சிக்கு உலக வரலாற்றில் உள்ள இடம் கொஞ்சநஞ்சமல்ல. ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் மெக்சிகோவிலிருந்து கப்பலேறிய ஏற்றுமதியில் வெள்ளிக்கு அடுத்த இடம் இந்தச் சாயத்துக்கு. அதன் உற்பத்தியில் தலைமை வஹாக்காவுக்கு. ஸ்பெயின் இரகசியத்தை இறுகப் பிடித்து வைத்திருந்தது. 1777-ல் தியெரி த மெனொன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே வந்து, கள்ளியும் பூச்சியுமாகக் கடத்திக்கொண்டு கரீபியத் தீவு ஒன்றுக்குப் போனார். ஆங்கிலேயருக்கும் ஆசை விடவில்லை. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அந்த நூற்றாண்டின் இறுதியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். ஆனால் பிரேசிலிலிருந்து 1795-ல் கல்கத்தா வந்து சேர்ந்தது மட்டமான காட்டு இனம். சாயம் சரியாக அமையவில்லை, கள்ளியைத்தான் தின்று தீர்த்தது. பிற்காலத்தில் தென்னிந்தியாவில் புதராக மண்டிய சப்பாத்திக்கள்ளியை அழிக்க அந்த இனத்தையே ஏவிவிட்டார்கள். நம் ஊர் வேலியோரக் கள்ளியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோலத் தெரிவதை நகத்தால் நசுக்கிச் சிவப்பு பார்த்தவர்கள் இருப்பீர்கள். தியோத்தித்லான் கிண்ணத்தில் இருப்பது அதன் உயர்ந்த உறவு. பல நூற்றாண்டுகளாக மனிதர் பேணி வளர்த்த இனம்.

1856-க்குப் பிறகு செயற்கைச் சாயங்கள் வந்து இந்தத் தொழிலைச் சாய்த்தன. இன்று இதே ஊரில் ஆலைச் சாயம் தோய்த்த விரிப்பும் விற்கிறது, பூச்சிச் சாயம் தோய்த்ததும் விற்கிறது. விலை வேறு, உழைப்பு வேறு. எது எது என்று நெய்தவரிடமே கேட்டு அறிய அவகாசம் வேண்டும். கைக்குட்டை அளவே வாங்கினாலும், தெரிந்து வாங்குவது அவர்களுக்கு மரியாதை.

வேன் எந்த வீட்டில் நிற்கும் என்பது அடுத்த விஷயம். பல பயணங்களில் அதை முடிவு செய்வது கமிஷன். சாலையோரம் வண்டி நிறுத்த வசதியுள்ள பெரிய காட்சிக்கூடங்களுக்குக் கூட்டம் போகிறது, ஊருக்குள் சந்தில் இருக்கும் தறிகளுக்குப் போவதில்லை. நீங்கள் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு நெய்தவருக்குப் போகாமல் அழைத்து வந்தவருக்குப் போகிறது. முன்பதிவு செய்யும்போதே, "ஊருக்குள் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குப் போவோமா, கடைக்கா?" என்று கேளுங்கள். நல்ல வழிகாட்டிக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். கணவனை இழந்தவர்களும் மணமாகாதவர்களுமாகப் பெண்கள் சேர்ந்து தொடங்கிய வீதா நுவேவா என்ற கூட்டுறவும் இங்கே உண்டு. ஆண்களே மிதிதறியில் உட்கார்ந்த ஊரில் அது சிறிய காரியமல்ல. அங்கே அழைத்துப் போக முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முதலில் எங்கே?

பெரும்பாலான வேன்கள் அருகிலுள்ளதை முதலில் முடித்து, தூரத்தில் உள்ளதற்குக் கடைசியில் போகின்றன. தூலே, தியோத்தித்லான், மெஸ்கால், மித்லா, இறுதியில் பிற்பகல் வெயிலும் கூட்டமும் கலந்த இயெர்வெ எல் அகுவா. எல்லா வேனும் இதே வரிசை என்பதால் எல்லாரும் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இறங்குகிறார்கள். இதைத் தலைகீழாகத் திருப்பி, விடியலில் கிளம்பித் தூரத்து மலைக்கு முதலில் போகும் சில குழுக்கள் உண்டு. நான் சிபாரிசு செய்வது அவர்களைத்தான். கூட்டம் மட்டும் காரணமல்ல. மித்லாவைப் பார்த்த பிறகு தறியைப் பார்ப்பதில் ஒரு பொருள் இருக்கிறது.

மொந்தே அல்பான் ஓய்ந்தபின் சபோத்தெக் மக்களின் பெரிய சமய மையமாக உயர்ந்தது மித்லா. ஸ்பானியர் வந்தபோதும் அங்கே ஆட்கள் வாழ்ந்தார்கள். இடித்த சுவர்களின் மேலேயே ஸ்பானியர் சான் பாப்லோ தேவாலயத்தை எழுப்பினார்கள், அதன் சிவந்த குவிமாடங்கள் இன்றும் இடிபாட்டின் தலையில் நிற்கின்றன. தூண்கள் மண்டபத்தில் ஒவ்வொன்றும் ஒரே கல்லால் ஆன ஆறு தூண்கள். அதைத் தாண்டி உள்முற்றத்தில் நின்றால் சுவர் முழுக்கக் கல் பின்னல். சிறு சிறு கற்களைத் துல்லியமாக வெட்டி, சாந்து பூசி ஒட்டாமல், ஒன்றுக்குள் ஒன்று பொருத்திய படிக்கட்டு வளைவுகள், மின்னல் கோடுகள், சுருள்கள். மனித உருவமோ விலங்கோ கிடையாது, வடிவம் மட்டும்தான். ஒவ்வொரு பட்டையும் வேறு வேறு. அவசரமில்லாமல் ஒரு சுவரைக் கண்ணால் தடவிப் பாருங்கள். அன்று பிற்பகல் தியோத்தித்லான் தறியில் ஓடம் போகும்போது அதே படிக்கட்டு வளைவு கம்பளியில் வரிவரியாக ஏறுவதைப் பார்ப்பீர்கள். இடிபாடு, கைத்தொழில் என்று விளம்பரப் பலகையில் தனித்தனிப் படமாக இருப்பவை ஒரே மக்களின் ஒரே கைவேலை என்பது அப்போது விளங்கும். வரிசை மாறினால் அது நழுவிப் போகிறது.

இயெர்வெ எல் அகுவாவின் படத்தைப் பார்த்து அருவி என்று நினைப்பவர்கள் அதிகம். நீர் விழுவதில்லை. சுண்ணாம்பு கரைந்த ஊற்றுநீர் மலைவிளிம்பில் மெல்லக் கசிந்து, படிந்து படிந்து, விழும் நீரின் உருவிலேயே கல்லாகியிருக்கிறது. பெரியது ஏறக்குறைய 30 மீட்டர் உயரம். அந்த ஊற்றை வாய்க்கால் வெட்டிப் படிநிலங்களுக்குப் பாய்ச்சிய பழைய சபோத்தெக் தடங்களும் அங்கே இருக்கின்றன. குளத்தில் இறங்கிப் படம் எடுக்கும் கூட்டத்தில் அவற்றைக் கவனிப்பவர் குறைவு. வழிகாட்டி அவற்றைக் காட்டினால் நல்ல வழிகாட்டி.

முன்பதிவில் இன்னொன்றும் கேளுங்கள்: "இயெர்வெ எல் அகுவா மூடியிருந்தால்?" வஹாக்கா மாநிலத்தின் 570 நகராட்சிகளில் 400-க்கும் மேற்பட்டவை கட்சித் தேர்தலால் அல்லாமல் ஊர்க்கூட்ட மரபால் ஆளப்படுபவை. நிலமும் வழியும் வருமானமும் யாருக்கு என்ற வழக்கில் 2021-ல் ஊரார் இந்த இடத்தை மூடிவிட்டார்கள். பிறகு திறந்தது. சுற்றுலாப் பயணியின் திட்டம் கெடுகிறதே என்று சலித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை, அவர்கள் மலை. வழிக் கட்டணம், நுழைவுக் கட்டணம் என்று தனித்தனியாக வாங்கினால் கொடுத்துவிடுங்கள். உங்கள் வேன் கட்டணத்தில் அவை சேர்ந்தவையா என்பதை மட்டும் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் சேராது. மித்லா நுழைவும் சாப்பாடும் அப்படித்தான்.

பஃபேயைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். ஒரு மணி நேரம் மிச்சம். மித்லாவிலோ த்லாகொலூலா சந்தையிலோ த்லயூதா என்ற பெரிய மக்காச்சோள ரொட்டி ஒன்றை அடுப்போரம் நின்று தின்றால் போதும். மெஸ்கால் நிறுத்தம் குடிக்காதவர்களுக்கும் பயன்படும், சுவைக்கும் மேசையோடு முடிந்துவிடாமல் குழியடுப்பையும் குதிரை இழுக்கும் கல்செக்கையும் காட்டினால். தூலே மரத்துக்கு இருபது நிமிடம் போதுமானது. சுமார் 14 மீட்டர் விட்டமுள்ள அடிமரம், உலகிலேயே பருத்தது. அதைச் சுற்றி நடந்துவிட்டு, அடிமரத்தில் யானையும் சிங்கமும் தெரிவதைக் கண்ணாடி வெளிச்சம் பாய்ச்சிக் காட்டும் உள்ளூர்ச் சிறுவர்களுக்குக் காசு கொடுத்துவிட்டு வரலாம். காட்டு நடைதான் உங்களுக்கு வேண்டும் என்றால் இந்தச் சாலையே வேண்டாம். வடக்கு மலையில் புவேப்ளோஸ் மன்கொமுனாதோஸ் என்ற எட்டுச் சபோத்தெக் ஊர்கள் தாங்களே நடத்தும் பாதைகளுக்கு இன்னொரு நாளை ஒதுக்குங்கள்.

வழிகாட்டியின் கழுத்தில் மெக்சிகோ சுற்றுலா அமைச்சகத்தின் அடையாள அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டுநரே பேசிக்கொண்டு வரும் மலிவுப் பயணங்களில் அது இருக்காது. நால்வராகச் சேர்ந்தால், அட்டையுள்ள வழிகாட்டியோடு தனி வண்டியே அமர்த்தலாம். தலைக்குக் கணக்கிட்டால் வேனைவிட ரொம்ப அதிகமாகாது, நேரம் உங்கள் கையில். நான் சொல்லும் வரிசை: ஏழு மணிக்கு முன் கிளம்பி இயெர்வெ எல் அகுவா, பதினொன்றரைக்கு மித்லா, இரண்டு மணிக்குத் தியோத்தித்லான், அங்கே இரண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமையானால் த்லாகொலூலா வாரச் சந்தை வழியிலேயே கூடும். அதற்காக மலையை விட்டுவிடலாம். ஆனால் அன்று மெக்சிகோ மக்களுக்கு இடிபாடுகளில் நுழைவு இலவசம், மித்லாவில் கூட்டம் இருக்கும்.

அடுத்த வாரம் தெற்குச் சாலை. தோன்யா ரோசா 1950-களில் கருமண் பானைக்கு மெருகேற்றக் கண்டுபிடித்த வழி, சான் பர்தோலோ கொயொதெபெக் ஊரையே எப்படி மாற்றியது என்று பார்ப்போம். வெள்ளிக்கிழமை கிளம்பினால் ஒகொத்லான் சந்தையும் சேரும்.

(தொடரும்)