சங்கம் அமரும் மண்டபம்

பௌத்தத் துறவியரின் கூட்டமைப்பு சங்கம் எனப்படும். சங்கத்தார் அனைவரும் ஒன்றாக அமர்வதற்கான பெருமண்டபத்தை வடிவமைக்கும் பணி, கூரையின் அகலத்தைக் கணக்கிடும் முன்பே, அங்கு அமர்வோரின் ஒழுக்க நெறியிலிருந்து தொடங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் உபோசதம் என்னும் கூட்டத்தில் துறவு விதிகள் ஓதப்படும்போது, சீமை என வரையறுக்கப்பட்ட எல்லைக்குள் இருக்கும் பிக்குகள் ஒருவருக்கொருவர் இரண்டரை முழத்துக்குள் அமர வேண்டும் என்று விதிநூலுக்கான உரைகள் கூறுவதால், மண்டபத்தின் முதல் அளவுகோலாக மனித உடலே அமைகிறது.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் துட்டகைமுனு மன்னன் இலங்கையின் அனுராதபுரத்தில் எழுப்பிய லோகபாசாதம் இத்தகைய உபோசத மண்டபமே. ஒன்பது மாடிகள் கொண்டதாக அந்நாட்டு வரலாற்று நூலான மகாவம்சம் வருணிக்கும் அக்கட்டடம் தீக்கிரையாகிப் பலமுறை திருத்திக் கட்டப்பட்டது. வரிசைக்கு 40ஆக 40 வரிசைகளில் நின்ற 1,600 கல்தூண்களே அதன் பரப்பை இன்றும் உணர்த்துகின்றன.

தமிழகத்தின் ஓசூர் எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தில் மைசூருக்கு மேற்கே உள்ள பைலக்குப்பையில், திபெத்திய அகதிகளின் குடியிருப்பில் சங்கம் ஒன்றாக அமரும் இம்மரபு வாழ்கிறது. துகாங் எனப்படும் திபெத்தியப் பேரவை மண்டபத்தில் துறவியர் நடுவழியை நோக்கி எதிரெதிர் வரிசைகளாகத் தாழ்ந்த இருக்கைகளில் அமர்ந்து ஓதுவர். நெடிய வழிபாட்டின் இடையே தேநீர் அங்கேயே பரிமாறப்படுவதால் வரிசைகளுக்கிடையே நடக்க இடம் வேண்டும். நடுப்பகுதியின் கூரையை உயர்த்திப் பக்கச் சாளரங்கள் வைப்பதால் உட்புறத்துக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கின்றன. திபெத்திய குரு பெனோர் ரின்போச்சே 1963இல் அங்கு நிறுவிய நம்ட்ரோலிங் மடத்தில் 1999இல் திறக்கப்பட்ட பொற்கோயிலிலோ, சுமார் 60 அடி உயரப் புத்தர் சிலையே கூரையின் உயரத்தை நிர்ணயிக்கிறது.

மும்பையில் 2009இல் திறக்கப்பட்ட உலக விபாசனா பகோடா இத்தகைய வழிபாட்டு மண்டபங்களுக்கு மாறானது: சடங்கின்றித் தியானம் மட்டுமே செய்யும் சுமார் 8,000 பேருக்காக, ஏறத்தாழ 280 அடி விட்டமுள்ள அதன் குவிமாடம், ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும் கற்களால், நடுவில் ஒரு தூணுமின்றிக் கட்டப்பட்டுள்ளது.

கிருஷ்ணகிரியின் கருங்கல்லும், ஓசூர்த் தொழிற்கூடங்களை எழுப்பிய இரும்புச் சட்டக அனுபவமும் இவ்விரு வகை மண்டபங்களுக்கும் கைகொடுக்கக்கூடியவை. எனினும் பெரிய கூரை மட்டும் பேரவை மண்டபம் ஆகிவிடாது. ஆகவே இத்தகைய பணியை ஏற்கும் கட்டடக் கலைஞர், சங்கம் எப்படி அமர்கிறது, எதை நோக்குகிறது, எப்படி ஓதுகிறது என்பதை முதலில் அறிந்து, அதன் பிறகே தூண்களின் இடத்தைக் குறிக்க வேண்டும்.