மூளை நோயை முன்னறிய உதவும் ஒளி



முதியோர் பெயர்களை மறந்தாலும், அவர்தம் கை நடுங்கினாலும், "வயது போய்விட்டது" என்று கூறி அமைவது நம் வழக்கம். மறதி அனைத்தும் நோயன்று. ஆயினும் சில நோயின் அறிகுறிகளாகும். 1906ஆம் ஆண்டில் அலோயிஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் விவரித்த மறதிநோயில், மறதி வெளிப்படுவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே அமிலோயிட் என்னும் புரதம் மூளையிற் படியத் தொடங்குகின்றது. அவ்வாறு மறைந்திருக்கும் காலத்தில் நோயை அறிவது எங்ஙனம்? இதற்கு ஒளி துணைசெய்யக்கூடும்.

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன், கே. எஸ். கிருஷ்ணனுடன் உழைத்து, 1928 பெப்ரவரியிற் கல்கத்தாவில் ஓர் உண்மையைக் கண்டார். ஒரு நிற ஒளி மூலக்கூறுகளிற் பட்டுச் சிதறும்போது, அதன் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிவருகின்றது. கைரேகை ஆளைக் காட்டுவதுபோல, அம்மாற்றம் மூலக்கூறு இன்னதெனக் காட்டும்.

ஆனால் இவ்வொளி மிக மங்கலானது. குருதியிலுள்ள நோய்ப் புரதமோ மிகச் சொற்பம். இத்தடையை நீக்க வல்லவை நனோத் துணிக்கைகள். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அதில் ஒரு கூறே நனோமீற்றர். 1974இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார், கரடான வெள்ளிப் பரப்பில் ஒட்டிய மூலக்கூறுகளின் இராமன் ஒளி வலுவாகத் தோன்றுவதைக் கண்டனர். பொன், வெள்ளித் துணிக்கைகளில் ஒளி படும்போது இலத்திரன்கள் ஒருமித்து அலைகின்றன; அதனால் அருகிலுள்ள மூலக்கூறின் ஒளி பத்து இலட்சம் மடங்கும் பெருகலாம். குறித்த புரதத்தை மட்டும் பற்றும் பிறபொருளெதிரியைத் துணிக்கையிற் பிணைத்தால், அது நோயுணர் கருவியாகின்றது.

இத்தகைய கருவிகள் பெரும்பாலும் ஆய்வுகூட நிலையிலேயே உள்ளன. குருதியிலுள்ள ஏனைய புரதங்களும் துணிக்கையில் ஒட்டி மயக்கம் தருகின்றன. பரப்புகளை ஒரே தன்மையாய் ஆக்குவதும் அரிது. எனினும் இவ்வழி வெறுங்கனவன்று. 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், அல்சைமர் நோயறிதலுக்கு உதவும் முதலாவது இரத்தப் பரிசோதனைக்கு அனுமதி வழங்கியது. அது வேறு முறையாயினும், இரசாயன வினையில் எழும் ஒளியை அளந்தே விடை கூறுகின்றது.

உடப்புசல்லாவை போன்ற தோட்டப் பகுதியினருக்கு இதன் பயன் பெரிது. மூளையைப் படம்பிடிக்கும் பெரிய இயந்திரங்கள் தொலைநகரங்களிலேயே உள்ளன. அங்கு சென்றுவர ஒரு நாட் சம்பளத்தையே இழக்க நேரும். ஒரு துளிக் குருதி போதுமாயின், அண்மையிலுள்ள மருந்தகமே வழிகாட்டும்.

அக்காலம் வரும்வரை வாளாவிருத்தல் தகாது. தைரொயிட் சுரப்புக் குறைவாலும், உயிர்ச்சத்து பி12 குறைவாலும் மறதி உண்டாகும். இவை சிகிச்சைக்கு இணங்குபவை. ஆதலின் வீட்டுப் பெரியவரின் மறதி நாளுக்கு நாள் மிகுமாயின், வயதின்மேற் பழிபோடாது, வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.