தொங்குகூரைக்கு மேலே

மரக்காணம் உப்பளக் கரையில் வீட்டிற்கு ‘ஃபால்ஸ் சீலிங்’ அமைக்க விழையும் குடும்பத்தினர், முதற்கண் பழைய தளத்தை அண்ணாந்து நோக்குவார்களாக. உப்புக்காற்றிலுள்ள குளோரைடு, ஈரத்துடன் கான்கிரீட்டினுள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, இரும்பைக் காட்டிலும் மிகுந்த இடம் கொள்வதால் காரை வெடித்து விழுகின்றது. அதனை ஜிப்சம் பலகையால் மறைப்பது மருந்தாகாது. விழும் காரையின் பாரத்தை அப்பலகை தாங்காது. அதன்கீழ் உறங்குவோர் நம் பிள்ளைகளல்லவா?

ஆதலின், முதலில் விரிசலையும் கசிவையும் செப்பனிடுக. தொங்குகம்பிகள் துத்தநாகம் பூசியவையாக இருக்கட்டும்; மேலே பார்க்கத் திறப்பொன்றும் விடுக. 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் போன்ற புயலுக்குப்பின், அதனைத் திறந்து நோக்குதல் கடமை.

ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகுவோர் நன்கறிவர்: மறைத்த குறை வளரும், திறந்து காட்டியதே குணமாகும்.